‘பார்த்துச் செய்வோம் ஹாஜியார்’ என்பது ஒப்பந்தமாகாது

எமது வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். பத்து மூடை வெங்காயம் இறக்கினால் ஒவ்வொரு மூடையையும் தராசில் ஏற்றிப் பார்ப்போம். ஒரு கிலோ குறைந்தாலும் பற்றுச்சீட்டில் குறித்து அனுப்புவோம். ஆனால் அதே வியாபாரி முப்பது வருடம் உழைத்த பணத்தில் சொந்தமாக ஒரு கடைக் கட்டடம் எழுப்பும்போது, கொந்தராத்துக்காரருடன் பேசி முடிப்பது ஒரு தேநீர்க் கோப்பைக்கு முன்னால்தான். சதுர அடிக்கு இவ்வளவு, முற்பணம் இவ்வளவு, நோன்புக்கு முன் சாவி. இவ்வளவுதான் பேச்சு. மிகுதியெல்லாம் “பார்த்துச் செய்வோம் ஹாஜியார்” என்ற ஒரு வார்த்தையில் அடங்கிவிடும்.

அந்த வார்த்தையைச் சொல்பவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்லர். சொல்லும்போது உண்மையாகவே பார்த்துச் செய்யும் எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எதைப் பார்ப்பது, எப்படிச் செய்வது என்பது அவர் மனதில் ஒரு விதமாகவும் கட்டடச் சொந்தக்காரர் மனதில் வேறு விதமாகவும் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு என்பது சுவர் எழும்பிய பின்னர்தான் தெரிய வருகிறது. ஆகவே கட்டட ஒப்பந்தமொன்றில் கொந்தராத்துக்காரரின் கடமைகள் எவை, அவற்றை எவ்வாறு முன்கூட்டியே எழுதிக் கொள்வது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

நடந்த ஒரு விடயம்

குருநாகல் மாவட்டத்தின் சிறு நகரொன்றில் புடவை வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டு மாடிக் கடையொன்றைக் கட்டத் தொடங்கினார். கொந்தராத்துக்காரரும் அதே ஊரவர், அதே பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். பொருட்களும் கூலியும் சேர்த்து முழுக் கொந்தராத்து. கொப்பித் தாள் ஒன்றில் ஐந்து வரிகள் எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தனர். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முற்பணமாகக் கைமாறியது.

கீழ்த்தளம் எழும்பி, மேல் தட்டுக்குக் கம்பி கட்டும் வேளையில் 2022 பிறந்தது. அந்த வருடம் எமக்கெல்லாம் நினைவிருக்கிறது. மார்ச் மாதத்துக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குச் சென்றது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்து மூடை, 2022 ஏப்ரலில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவைத் தாண்டியது. கம்பி விலையும் அப்படியே. மணல் லொறிக்கு டீசல் இல்லை. வேலை நின்றது.

“பேசிய விலைக்கு முடித்துத் தா” என்றார் கடைக்காரர். “இந்த விலைக்கு யாராலும் முடியாது, மேலதிகமாகத் தாருங்கள்” என்றார் கொந்தராத்துக்காரர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2022இன் இறுதியில் அவர்களை இணக்கப்படுத்துவதற்காகப் பள்ளிவாசல் நிர்வாகம் அழைத்த மூவரில் நானும் ஒருவன். அந்தக் கொப்பித் தாளை வாங்கிப் பார்த்தோம். விலை கூடினால் யார் பொறுப்பு என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வேலை நின்றால் முற்பணத்துக்கு என்ன கணக்கு என்பதும் இல்லை. எந்தக் கம்பி, எந்தக் கலவை என்பதும் இல்லை. தீர்ப்புச் சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

கடைசியில் கணிய அளவையாளர் ஒருவரை அழைத்து, முடிந்த வேலையை அளந்து, அந்தந்த மாத விலையில் பெறுமதி கண்டோம். கொடுத்த பணத்துக்கும் செய்த வேலைக்கும் இடையிலான வித்தியாசத்தை கொந்தராத்துக்காரர் தவணை முறையில் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மிகுதிக் கட்டடத்தை வேறொருவர் முடித்தார். பணக் கணக்கு தீர்ந்தது. ஆனால் இன்றும் அவ்விருவரும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நின்றாலும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதில்லை.

ஐந்து வரிக்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்பதே எனது உறுதியான கருத்து.

மார்க்கமும் சட்டமும் சொல்வது

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அது கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியது, சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். சூரத்துல் மாஇதா ஆரம்பிப்பதே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு விடுக்கப்படும் கட்டளையுடன்தான். ‘சொந்த ஊரவர், ஒரே ஜமாஅத், எதற்கு எழுத்து?’ என்று கேட்பவர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும். எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் அல்ல. உறவைப் பாதுகாப்பதற்கான வழி.

பொருட்களையும் தானே போட்டு ஒருவர் கட்டித் தருவதாக ஏற்றுக் கொள்ளும் ஒப்பந்தத்தை பிக்ஹில் ‘இஸ்திஸ்னாஃ’ என்பர். ஹனபி மத்ஹபில் இது தனியானதோர் ஒப்பந்தம். எமது நாட்டில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் இது ‘ஸலம்’ என்ற முன்பண வியாபாரத்தின் விதிகளுக்குள் நோக்கப்பட்டது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இவ்விடயத்தை ஆராய்ந்து, இஸ்திஸ்னாஃ இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே என்றும், விலையைத் தவணைகளில் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது. அதற்கு விதித்த நிபந்தனைகள் முக்கியமானவை. செய்யப்படும் பொருளின் இனம், தரம், அளவு ஆகியன தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். காலமும் குறிக்கப்பட வேண்டும்.

இந்த அளவுகோலில் எமது ‘சதுர அடிக்கு இவ்வளவு’ ஒப்பந்தங்களை வைத்துப் பாருங்கள். தரமும் இல்லை, அளவும் இல்லை. எஞ்சுவது ‘கரர்’ எனப்படும் தெளிவின்மை மட்டுமே.

சொந்தக்காரரே பொருட்களை வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் பேசும் ‘லேபர் கொந்தராத்து’ வேறு வகை. அது கூலி ஒப்பந்தம், அதாவது இஜாரா. அங்கே பொருளின் தரத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பு, வேலையின் தரத்துக்குக் கொந்தராத்துக்காரர் பொறுப்பு. பாதிப் பொருள் அவர், பாதிப் பொருள் இவர் என்று கலந்து செய்யும் இடங்களில்தான் தகராறு அதிகம். தட்டு ஒழுகினால் சீமெந்து சரியில்லை என்று அவர் சொல்வார், கலவை சரியில்லை என்று இவர் சொல்வார். எந்தப் பொருள் யாருடையது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

நாட்டுச் சட்டமும் வாய்ப்பேச்சை முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் எழுத்துக்கே அதிக பலம் கொடுக்கிறது. வழக்குத் தொடுக்கும் கால எல்லையை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தம் மீறப்பட்டால் 6 வருடங்கள் வரை வழக்குத் தொடரலாம். எழுதப்படாததற்கு 3 வருடங்களே. கட்டடக் குறைகள் உடனே வெளித் தெரிவதில்லை என்பதால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இனி கடமைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் கடமை: சொன்னதைச் சொன்னபடி கட்டுதல்

கொந்தராத்துக்காரரின் தலையாய கடமை, ஒத்துக் கொண்ட வரைபடத்துக்கும் தரத்துக்கும் ஏற்பக் கட்டித் தருவது. ஒன்றும் எழுதாவிட்டாலும் நல்ல பொருட்களைக் கொண்டு, தொழில் தெரிந்தவன் செய்யும் விதத்தில் வேலை செய்ய வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. ஆனால் ‘நல்ல’ என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் பொருள் தேடுவதை விட, பேசும்போதே எழுதிவிடுவது இலேசு.

எழுத வேண்டியவை: கொங்கிறீட்டின் கிரேட், கம்பியின் விட்டமும் இடைவெளியும், தட்டின் தடிப்பு, சீமெந்து எஸ்.எல்.எஸ். 107 தரச் சின்னம் உள்ளதா, முறுக்குக் கம்பி எஸ்.எல்.எஸ். 375 தரத்துக்கு அமைந்ததா என்பன. தட்டு போட்ட பின் குறைந்தது 7 நாட்கள் தண்ணீர் கட்டி நனைக்க வேண்டும். முட்டுகளை எப்போது கழற்றுவது என்பதைப் பொறியியலாளர் சொல்ல வேண்டும், அடுத்த வேலைத்தளத்துக்குப் பலகை தேவைப்படுகிறது என்பதற்காகக் கழற்றக் கூடாது.

சதுர அடி விலைக்குள் எவை அடக்கம் என்பதும் முக்கியம். மின்சார வயரிங், தண்ணீர்க் குழாய், மலசலகூடக் குழி, பீலி, டைல், வர்ணம், ஷட்டர் கதவு ஆகியவற்றில் எது உள்ளே, எது வெளியே? டைல் உள்ளே என்றால் சதுர அடி எத்தனை ரூபா டைல்? பீ.ஓ.கியூ. என்று சொல்லப்படும் அளவு விபரப் பட்டியலைக் கணிய அளவையாளர் ஒருவரிடம் தயாரித்துக் கொண்டால் இக்கேள்விகள் அனைத்துக்கும் அதிலேயே விடை கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென எண்ண வேண்டாம். இரண்டு கொந்தராத்துக்காரர்களின் விலைகளை நேர்மையாக ஒப்பிடுவதற்கும் அந்தப் பட்டியல் இல்லாமல் வழியில்லை.

மற்றொன்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். மாநகர சபையோ பிரதேச சபையோ அனுமதித்த வரைபடத்திலிருந்து விலகிக் கட்டினால் இணக்கச் சான்றிதழ், அதாவது சீ.ஓ.சீ., கிடைக்காது. அச்சான்றிதழின்றிக் கட்டடத்தைப் பாவனைக்கு எடுக்க முடியாது. இதில் சபை தேடி வருவது சொந்தக்காரரைத்தான், கொந்தராத்துக்காரரை அல்ல. ஆகவே ‘அங்கீகரித்த வரைபடத்தின்படி கட்டி, சீ.ஓ.சீ. பெறுவதற்குத் தடையாக உள்ள குறைகளைத் தன் செலவில் திருத்தித் தருவேன்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சொந்தக்காரரும் பாதி வழியில் ‘பின்னால் இரண்டு அடி இழுத்துப் போடு’ என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது: காலத்துக்கு முடித்தல்

‘நோன்புக்கு முன்’ என்பது தேதி அல்ல. தொடங்கும் திகதியும் முடிக்கும் திகதியும் எழுதப்பட வேண்டும். நடுவில் அத்திவாரம், தட்டு, கூரை என மூன்று நான்கு கட்டங்களுக்கும் திகதி இட்டால் தாமதம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

தாமதத்துக்கு நட்டஈடு விதிக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விதிக்கலாம். மேலே சொன்ன 1992ஆம் ஆண்டுத் தீர்மானம் இஸ்திஸ்னாஃ ஒப்பந்தத்தில் இத்தகைய நிபந்தனையை அனுமதிக்கிறது. 2000ஆம் ஆண்டில் ரியாதில் கூடிய அதே அகடமி இதனை மேலும் விளக்கியது. நட்டஈடு உண்மையான பண நட்டத்துக்கே உரியது. கையை மீறிய காரணத்தால் தாமதித்தவரிடமிருந்து அதை வாங்கக் கூடாது. மறு தரப்புக்கு நட்டமே ஏற்படவில்லை என்று நிரூபித்தாலும் வாங்கக் கூடாது.

எனவே தொகையை எப்படித் தீர்மானிப்பது? கட்டடம் முடியும் வரை நீங்கள் வாடகைக் கடையில் மாதம் 60,000 ரூபா கொடுத்து இருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு வாரத் தாமதம் உங்களுக்கு ஏற்படுத்தும் நட்டம் ஏறத்தாழ 15,000 ரூபா. அதையே வாரத் தொகையாக எழுதினால் அது நியாயம். நாளொன்றுக்கு 25,000 என்று மிரட்டலுக்காக எழுதுவது நியாயமும் இல்லை, நின்று பிடிக்கவும் மாட்டாது. 2020இன் ஊரடங்கு, 2022இன் எரிபொருள் வரிசை போன்றவற்றுக்குக் காலநீடிப்புக் கொடுக்கப்படும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது: முற்பணம் ஓர் அமானத்

முற்பணம் கொந்தராத்துக்காரரின் இலாபமல்ல. அந்த வேலைக்குப் பொருள் வாங்குவதற்கும் ஆள் சேர்ப்பதற்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? உங்கள் முற்பணத்தில் முந்தைய வேலைத்தளத்தின் கடனை அடைப்பார். உங்கள் தட்டு போட அடுத்த ஆளின் முற்பணத்தை எதிர்பார்ப்பார். அடுத்த ஆள் வராவிட்டால் உங்கள் வேலை நிற்கும். குருநாகலில் நடந்ததிலும் இதன் ஒரு பங்கு இருந்தது. விலையேற்றத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

பெரிய ஒப்பந்தங்களில் முற்பணம் வழமையாக 20 வீதம் அளவில் இருக்கும். அதற்கு உத்தரவாதமும் கேட்கப்படும். பின்னர் ஒவ்வொரு பில்லிலும் கழிக்கப்படும். எமது சிறிய வேலைகளுக்கும் அதே முறை பொருந்தும். உதாரணமாக 80 இலட்சம் ரூபா கொந்தராத்து, முற்பணம் 16 இலட்சம். முதலாவது கட்டத்தில் 10 இலட்சம் ரூபாவுக்கு வேலை முடிந்திருக்கிறது. அதில் முற்பணத்துக்காக 20 வீதம், 2 இலட்சம் கழிக்கப்படும். குறை திருத்துவதற்கான பிடிப்புப் பணமாக 10 வீதம், 1 இலட்சம் நிறுத்தி வைக்கப்படும். கையில் கொடுப்பது 7 இலட்சம். இப்படிச் சென்றால் வேலை எந்தக் கட்டத்தில் நின்றாலும் யார் யாருக்கு எவ்வளவு என்பது அன்றே தெரியும். எங்கள் மூவருக்கும் அளவையாளரை வைத்துக் கணக்குப் பார்க்க மாதக்கணக்கில் எடுத்தது.

நான்காவது: விலை ஏறினாலும் இறங்கினாலும்

2022 கற்றுத் தந்த பாடம் இதுதான். விலை நிலையானது என்று பேசினால் அந்த அபாயம் முழுவதும் கொந்தராத்துக்காரரின் தலையில். ஓரளவுக்கு மேல் அதைச் சுமக்க அவரால் முடியாது, ஓடிவிடுவார். மாறும் விலை என்று பேசினால் எல்லாம் சொந்தக்காரரின் தலையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு.

அரச மற்றும் பெரிய ஒப்பந்தங்களில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்களைக் கொண்டு சூத்திரப்படி விலையைச் சீர்செய்கிறார்கள். முன்னர் ‘இக்டாட்’ என்றும் இப்போது ‘சீடா’ என்றும் நாம் அழைக்கும் நிறுவனம் அது. சிறிய வேலைக்குச் சூத்திரம் வேண்டியதில்லை. சீமெந்து, கம்பி, மணல், சல்லி ஆகிய நான்கின் அன்றைய விலையை ஒப்பந்தத் திகதியிட்டு எழுதுங்கள். இவற்றில் எதுவும் 10 வீதத்துக்கு மேல் ஏறினால், ஏறிய மிகுதியைக் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டி அந்தந்த பில்லில் சேர்க்கலாம் என்றும், 10 வீதத்துக்கு மேல் இறங்கினால் அவ்வாறே கழிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். 2023இல் விலைகள் இறங்கவும் செய்தன என்பதை மறக்க வேண்டாம். வழி இரு பக்கமும் திறந்திருந்தால்தான் அது நீதி.

ஐந்தாவது: வேலைத்தளத்தின் பொறுப்பு

வேலை நடக்கும் வரை அந்த இடம் கொந்தராத்துக்காரரின் கையில். சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்தால் என்ன செய்வது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை கொடுத்தவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. வேலை கொடுத்தவர் யார், பாஸா, கொந்தராத்துக்காரரா, கடைச் சொந்தக்காரரா என்ற வாக்குவாதத்தில் காயப்பட்டவரின் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகவே ‘தொழிலாளர்கள் யாவரும் கொந்தராத்துக்காரரின் ஆட்கள், அவர்களது கூலிக்கும் விபத்துக்கும் அவரே பொறுப்பு’ என்று எழுதுவதுடன், காப்புறுதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். தகாபுல் முறையிலும் இதற்கு வழியுண்டு.

பக்கத்துக் கடைச் சுவரும் இதற்குள் அடங்கும். எமது பிரதான வீதிக் கடைகள் தோளோடு தோள் ஒட்டியவை. அத்திவாரம் வெட்டும்போது அடுத்த சுவர் வெடித்தால் அயலவருடனான உறவும் வெடிக்கும். வெட்டுமுன் இரு பக்கச் சுவர்களையும் அயலவர் முன்னிலையில் படமெடுத்து வைத்தல் நல்லது. பழைய வெடிப்பு எது, புதிய வெடிப்பு எது என்ற சர்ச்சை எழாது.

வேலையை முழுவதுமாக இன்னொருவருக்குக் கைமாற்றுவதற்கும் சொந்தக்காரரின் சம்மதம் தேவை என எழுத வேண்டும். நீங்கள் நம்பிக் கொடுத்தது ஒருவரை, வந்து கட்டுவது மற்றொருவர் என்றாகக் கூடாது.

ஆறாவது: குறைகளைத் திருத்துதல்

சாவி கொடுத்தவுடன் கடமை முடிவதில்லை. ஒரு மழைக்காலம் கடந்தால்தான் தட்டும் கூரையும் உண்மை பேசும். அதனால்தான் ஒப்பந்தங்களில் குறை திருத்தும் காலம் வழமையாக ஒரு வருடமாக வைக்கப்படுகிறது. அக்காலத்தில் தோன்றும் ஒழுக்கு, வெடிப்பு, டைல் கழற்சி ஆகியவற்றைத் தன் செலவில் திருத்துவது கொந்தராத்துக்காரரின் கடமை.

மேலே சொன்ன பிடிப்புப் பணம் இதற்காகத்தான். மொத்தத்தில் 5 வீதம் சேர்ந்ததும் பிடிப்பை நிறுத்திவிடுவார்கள். 80 இலட்சத்தில் அது 4 இலட்சம். சாவி கொடுக்கும்போது பாதி, வருடம் முடிந்து குறைகள் தீர்ந்ததும் மறு பாதி. இந்த இறுதி 2 இலட்சம் அவருடைய பணம். குறையில்லாதபோதும் அதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அமானத்தில் மோசடியாகும்.

சொந்தக்காரரின் பக்கம்

கொந்தராத்துக்காரரின் கடமைகளை இவ்வளவு எழுதிவிட்டு எமது பக்கத்தை எழுதாமல் விடுவது நீதியல்ல. கூலியாளின் வியர்வை காயுமுன் அவனது கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். ஆனால் பில் கொண்டு வரும் கொந்தராத்துக்காரரைக் கடை வாசலில் மூன்று நாட்கள் அலைய விடுபவர்களும் எம்மில் இருக்கிறார்கள். அந்தப் பணம் அவர் ஒருவருக்கு மட்டுமுரியதல்ல. மேசனின் அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஹாட்வெயார் கடைக்காரருக்கு அவர் கொடுத்த காசோலையும் அதில்தான் நிற்கிறது. காசோலை திரும்பினால் நட்டப்படுவது எம்மைப் போன்ற இன்னொரு வியாபாரி.

இங்கே ஒரு மார்க்க விடயத்தைக் கவனிக்க வேண்டும். வேலைத் தாமதத்துக்கு நட்டஈடு கூடும் என்றோம். பணம் கொடுப்பதில் தாமதித்தால் அதற்கு மேலதிகத் தொகை கேட்பது கூடாது. கொடுக்க வேண்டிய பணம் கடன். கடனின் மீது வரும் மேலதிகம் வட்டி. 2000ஆம் ஆண்டுத் தீர்மானமும் கடனை இவ்விதிக்குப் புறம்பாகவே வைத்தது. பொதுவான மாதிரி ஒப்பந்தப் படிவங்களில் தாமதக் கொடுப்பனவுக்கு வட்டி என்ற வாசகம் வழமையாக இருக்கும். கையொப்பமிடு முன் இரு தரப்பும் சேர்ந்து அதை வெட்டிவிடுங்கள்.

அப்படியானால் கொந்தராத்துக்காரருக்கு என்ன பாதுகாப்பு? பில் கொடுத்து 14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமையும், நின்ற நாட்களுக்குக் காலநீடிப்பும் அவருக்கு உண்டு என்று எழுதுங்கள். வட்டியின்றியே அவருடைய கை பலப்படும்.

நடுவில் செய்யும் மாற்றங்களும் அவ்வாறே. ‘இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளு’ என்பதற்கும் விலை உண்டு, நாள் உண்டு. மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, தொகையும் மேலதிக நாட்களும் குறித்து, இருவரும் கையொப்பமிட்ட பின்னரே கல்லை நகர்த்த வேண்டும்.

பிணக்கு வந்தால்

எவ்வளவு எழுதினாலும் பிணக்கு வரலாம். மாவட்ட நீதிமன்றத்தில் வருடக் கணக்கில் இழுபடுவதை விட, எமது பெரியவர்கள் முன் தீர்த்துக் கொள்வதே மேல் என்பது எமது வழமை. நல்ல வழமைதான். ஆனால் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முடிவை ஒரு தரப்பு ஏற்க மறுத்தால் அத்துடன் எல்லாம் முடிந்தது. எங்கள் மூவருக்கும் அந்தப் பயம் கடைசி வரை இருந்தது.

இதற்கும் வழியுண்டு. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ், பிணக்கை நடுத்தீர்ப்பாளர்களுக்கு விடுவதாக இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக் கொண்டிருந்தால், அவர்கள் வழங்கும் தீர்ப்பை மேல் நீதிமன்றத்தின் மூலம் நடைமுறைப்படுத்த முடியும். ‘பிணக்கு ஏற்பட்டால் ஒவ்வொரு தரப்பும் ஒருவரையும், அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரையும் தெரிவு செய்து, அம்மூவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம்’ என்று எழுதி, ஒரு சட்டத்தரணியிடம் ஒரு முறை காட்டிக் கொள்ளுங்கள். மூவரில் ஒருவர் கட்டடத் தொழில் தெரிந்தவராகவும் ஒருவர் ஆலிமாகவும் இருந்தால் மிக நன்று.

ஆளைத் தெரிவு செய்யும்போதும் விசாரிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சீடா, ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்து தரப்படுத்துகிறது. சீ9 கீழ்த்தரம், அதிலிருந்து சீ1 வரை உயர்ந்து, அதற்கு மேல் சீ.எஸ். தரங்களுக்குச் செல்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்பதில் வெட்கமில்லை. அதைவிட, அவர் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் கட்டி முடித்த கட்டடமொன்றை மழை நாளில் போய்ப் பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சொன்ன நாளில் முடித்தாரா? ஒழுகியபோது தொலைபேசியை எடுத்தாரா?

ஆகவே, கட்டட வேலை தொடங்கவிருக்கும் சகோதரர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, எதைக் கட்டுவது, எப்போது முடிப்பது, பணம் எந்தக் கட்டத்தில், விலை மாறினால் எப்படி, விபத்துக்கு யார், குறை திருத்த எவ்வளவு காலம், பிணக்குக்கு யார் என்ற ஏழு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். கொந்தராத்துத் தொழில் செய்யும் சகோதரர்களும் சொந்தக்காரர் கேட்கும் வரை காத்திராமல் தாமே அந்தத் தாளை நீட்ட வேண்டும். எழுத்தைக் கண்டு பின்வாங்காத கொந்தராத்துக்காரருக்கு ஊரில் வேலைக்குக் குறைவிராது. பார்த்துச் செய்வோம் என்று சொல்லட்டும், நல்லதுதான். பார்த்துச் செய்ய வேண்டியது எது என்பது இருவரின் கையொப்பத்துக்கு மேலே எழுதப்பட்டிருக்கட்டும். எமது கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.